நீ தட்டிப் பார்த்த சுவர்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

தஞ்சோங் மாலிமிலிருந்து நீ அனுப்பிய கல்யாண அழைப்பிதழின் மாதிரி நேற்று வந்து சேர்ந்தது. தப்பு ஏதாவது இருந்தால் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல தாள், நல்ல மஞ்சள், பிள்ளையாரும் லட்சணமாக இருக்கிறார். இரண்டு இடத்தில் சுழித்திருக்கிறேன். ஒன்று, உன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற ‘இன்ஜினியர்’. இன்னொன்று, என் பெயருக்குப் பக்கத்தில் நீயாகச் சேர்த்திருக்கிற ‘தோட்டத்து டிரஸர், ஓய்வு’. இந்த இரண்டும் இருக்கிற அழைப்பிதழில் என் பெயரைப் போடாதே. கிழவனுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று அச்சகத்துக்குப் போய்விடாமல் கடைசி வரைக்கும் படி. கோபம் இருக்கத்தான் செய்கிறது. அதில் பாதி என் மேல்.

நேரில் சொல்லத்தான் பார்த்தேன். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை கோலா கங்சாரில் பரிசம் முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். “ஐயா, அந்தச் செவுரு...” என்று ஆரம்பித்தேன். நீ சிரித்தாய். “அப்பா, ஒங்களுக்கு அதெல்லாம் வெளங்காது லா. நான் பாத்துக்கிறேன்” என்றாய். முன் சீட்டில் இருந்த உன் அக்கா திரும்பி நம் இருவர் வாயையும் பார்த்துவிட்டு மறுபடி சன்னலோரம் திரும்பிக்கொண்டாள். ‘நான் பாத்துக்கிறேன்’ என்ற சொல்லை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. ஈப்போ வந்து இறங்குகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன். சம்பந்தி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். படித்தவன் வந்தால் எழுந்து நாற்காலி போடுகிற மனுஷன். அவர் வீடு பழைய கல்வீடு. கீழே கூடமும் சாப்பாட்டு அறையும், மேலே இரண்டு அறைகள். மேலே அவருடைய மூத்த மகனும் மருமகளும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் படுக்கிறார்கள். கல்யாணத்துக்கு வருகிற சனத்துக்கு இடம் போதாது, கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுத்துவிட்டால் விசாலமாக இருக்கும் என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சொல்லிவிட்டு, “மாப்ளயே இன்ஜினியரு. நமக்கு என்னா கவல?” என்று சிரித்தார்.

நீ எழுந்தாய். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாய். நடுவிரலை மடக்கி அந்தச் சுவரில் இங்கே இரண்டு, அங்கே இரண்டு என்று தட்டினாய். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டாய். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்தார்கள். “சும்மா தடுப்புச் செவுருதான் மாமா. எடுத்துறலாம். இந்த வாரம் போயி அடுத்த திங்கக்கெழம ஆளோட வாரேன்” என்றாய். சம்பந்தியம்மாள் உன் தட்டில் இன்னொரு வடை வைத்தார். நான் கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டேன். தட்டுவதற்கு முன்னால் உன் கண் ஒரு நொடி மேலே கூரைப் பலகைக்குப் போய்விட்டு வந்தது. அந்தச் சுவர் மேலே எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்பது மட்டும் அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்தது. நீ தட்டிய மாதிரியே நான் மனிதர்களின் நெஞ்சில் தட்டியிருக்கிறேன்.

நீ கெட்டிக்காரன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கோலாலம்பூரில் சேர்ந்த படிப்பை, உன் அம்மா படுத்த படுக்கையானபோது இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தாய். அவளைத் தூக்கிக் குளிப்பாட்டினாய். அவள் போன பிறகு திரும்பிப் போகவில்லை. வீடு கட்டி விற்கிற முதலாளி, அந்தத் தவுக்கேயிடம் சேர்ந்து நான்கு வருடமாக வீட்டுப் பிளான் வரைகிறாய். உன் கோடு எவ்வளவு நேர்த்தி என்று நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் வேறு ஒருவர், வாரத்துக்கு ஒரு முறை காரில் வருகிறார் என்று நீதான் சொன்னாய். ஒருநாள் வீடு வாங்க வந்தவர்களிடம் தவுக்கே உன்னைக் காட்டி, இவர்தான் நம்ம இன்ஜினியர் என்று சொன்னாராம். அதையும் நீதான் சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்போதே நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை கூடப் பட்டேன்.

நானா பொய் சொன்னேன் என்று நீ கேட்பாய். இல்லை. மறுக்காமல் இருந்தாய், அவ்வளவுதான். நானும் என் வாயால் என்னை டிரஸர் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னவர்களைத் திருத்தியதும் இல்லை.

டிரஸர் என்றால் சும்மா இல்லை. டாக்டர் இல்லாத தோட்டத்தில் டாக்டருக்கு அடுத்த ஆள் அவர்தான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் வருடக்கணக்காகப் படித்து, பரீட்சை எழுதித் தேறி வர வேண்டும். லகாட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்த நம் தோட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நான் அவருக்குக் கீழே பத்து வருடம் வேலை பார்த்தேன். என்ன வேலை தெரியுமா? போத்தல் கழுவுவது, ஊசியைக் கொதிக்க வைப்பது, புண்ணுக்குத் துணி சுற்றுவது, தரையைக் கூட்டுவது. தமிழ்ப் பள்ளியில் ஆறாவது. மருந்துப் பெட்டியில் இருக்கிற இங்கிலீஷ் பெயர்களை நிறத்தையும் மூடியையும் வைத்து அடையாளம் தெரிந்துகொண்டவன் நான்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப்போகிறார்கள் என்று பேச்சு நடந்த காலம். புது டிரஸர் வரவில்லை. துரை என்னைக் கூப்பிட்டு, “நீதான் பத்து வருசமா அவரோட இருந்தியே. ஆளு வர்ற வரைக்கும் பாத்துக்க” என்றார். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. புறப்படுகிற அன்று பழைய டிரஸர் என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார். “நீர் பத்து வருசமா என்ரை கையைத்தான் பாத்தனீர். தலைக்குள்ள என்ன ஓடுதெண்டு பாக்கேல்லை. காயத்துக்கு மருந்து கட்டும். மிச்சத்தை ஈப்போவுக்கு அனுப்பிப்போடும்.” சரி ஐயா, சரி ஐயா என்று தலையை ஆட்டினேன். லாரி வளைவில் திரும்பியதும் அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் வாரம் ‘அண்ணே’ என்று வந்தவர்கள் மூன்றாம் வாரம் ‘டிரஸர் ஐயா’ என்றார்கள். விடிகாலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் நிற்கும்போது, உடம்பு முடியாதவர்கள் என் வாசலில் வரிசையில் நிற்பார்கள். நான் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் அன்றைக்கு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகாமல் லயத்து வீட்டில் படுக்கலாம். அந்தச் சீட்டில் நான் எழுதியது எந்த மொழி என்று எனக்கே தெரியாது. நீளமாக ஒரு கிறுக்கல், கீழே ஒரு கோடு. வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டேன். பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டேன், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. பழைய டிரஸர் விட்டுப் போன ஸ்டெதஸ்கோப்பின் குழாய் வெடித்திருந்தது. அதனால்தான் விட்டுப் போயிருந்தார். அதை ரப்பர் பாலால் ஒட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அதில் ஒன்றும் கேட்காது. ஆனாலும் நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, “ம்ம்” என்பேன். பிறகு இரண்டு விரலால் தட்டிப் பார்ப்பேன். அவர் தட்டியதைப் பார்த்திருக்கிறேன் இல்லையா? எதற்காகத் தட்டினார், எந்தச் சத்தம் வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. தட்டும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் தெரியும்.

நம்ப மாட்டாய், சனங்களுக்குக் குணமாகியது. இதில்தான் சூது இருக்கிறது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் கொடுக்காவிட்டாலும் நாலு நாளில் சரியாகிவிடும். அவர்கள் வீடு வீடாகப் போய், டிரஸர் ஐயா தொட்டதும் சரியாப் போச்சு என்று சொல்வார்கள். சரியாகாத ஒருவனை ஈப்போவுக்குக் கொண்டுபோவார்கள், அவன் விதி அப்படி என்று பேசிக்கொள்வார்கள். இப்படியே எட்டு மாதம் போனால் எந்த மடையனுக்கும் தனக்கு ஏதோ தெரியும் என்று தோன்றிவிடும். முதலில் ஊரை ஏமாற்றினேன் என்று சொல்வதை விட, ஊர் என்னை ஏமாற்ற நான் சம்மதித்தேன் என்று சொல்வதுதான் சரி. நீ தவுக்கேயின் வீடுகளில் நான்கு வருடமாகப் பார்த்த சுவர் ஒன்றும் இடிந்து விழவில்லை. அதை வைத்து நீயும் உன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பாய். அவையெல்லாம் வேறு ஒருவர் கணக்குப் பார்த்த சுவர்கள், ஐயா.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. உன் அம்மாவுக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொல்லாமலே போய்விட்டாள்.

உன் அக்காவுக்கு அப்போது பத்து வயது, உனக்கு ஆறு. காய்ச்சல் வந்து அவளுக்குக் காது போய்விட்டது என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். காய்ச்சல் வந்தது உண்மை. சாயந்திரமானால் உடம்பு லேசாகச் சுடும், விடாமல் இருமுவாள். இரண்டு வாரமாகியும் நிற்கவில்லை. காசமாக இருக்குமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. காசநோய் வந்த ஒருவனுக்குப் பழைய டிரஸர் தினமும் ஊசி போட்டதைப் பார்த்திருந்தேன். அந்த மருந்தில் மிச்சம் அலமாரியில் இருந்தது. பொடி இருக்கும் சின்னக் குப்பி, தண்ணீர் விட்டுக் குலுக்கி ஏற்ற வேண்டும். அவனுக்குப் போட்ட அதே அளவு போட்டேன். அவன் அறுபது எழுபது கிலோ இருக்கிற ஆண்பிள்ளை. இவள் ஒரு பிடி எலும்பு.

உன் அம்மா முதல் நாளே கேட்டாள், ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று. நான் மாட்டேன் என்றேன். ஏன் என்று சொன்னால் உனக்கு என் மேல் அருவருப்பு வரும், வரட்டும். ஈப்போவுக்குப் போகிற தோட்டத்து லாரியில் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் ஏறினால் லயம் முழுக்கப் பார்க்கும். டிரஸர் பிள்ளைக்கே டிரஸர் மருந்து பலிக்கவில்லை என்று பேசும். சர்க்கார் ஆஸ்பத்திரி வரிசையில், நான் சீட்டு எழுதிக் கொடுத்த அதே ஆட்களோடு நானும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

ஊசி போட்ட இரண்டாம் வாரம் அவள், “அப்பா, காதுக்குள்ள வண்டு கத்துது” என்றாள். காய்ச்சல் அசதி என்றேன். அப்புறம் நடந்தால் தள்ளாடினாள். லயத்துப் பிள்ளைகள், கள்ளு குடிச்சிட்டா என்று கேலி செய்தன, நீயும் சேர்ந்து கைகொட்டிச் சிரித்தாய். உனக்கு ஆறு வயது, உன்னைச் சொல்லவில்லை. எனக்கு முப்பத்தெட்டு. ரத்தம் போதவில்லை என்று சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டு, ஊசியையும் விடாமல் போட்டேன். நிறுத்தினால் அது தப்பான ஊசி என்று ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் அல்லவா.

அந்த வாரம்தான் ஈப்போவிலிருந்து பெரிய டாக்டர் வந்தார். மாதத்துக்கு இரண்டு தடவை காரில் வந்து, நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவர் கார் வந்த சத்தம் கேட்டு உன் அம்மா ஈரக் கையோடு தோட்டத்து ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு ஓடி வந்தாள்.

“ஏங்க, டாக்டரு வந்துருக்காருல்ல. ஒரு எட்டு நம்ம வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க.”

“நீ போ. நான் பாத்துக்கிறேன்.”

“கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறா. முதுகுல தொட்டாத்தான் திரும்புறா. எனக்கு என்னமோ பயமா இருக்கு.”

“எம் பிள்ளைய நானே பாக்க முடியலன்னா நாளைக்கி எவன் எங்கிட்ட வருவான்? போ, போயி ஒலயப் பாரு.”

உள்ளே டாக்டர் நோட்டை மூடிக்கொண்டே, கடுமையான கேஸ் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து நம் வீட்டு வாசல் தெரியும். வாசற்படியில் உன் அக்கா உட்கார்ந்திருந்தாள். டாக்டரின் கார் அவள் முன்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பிப் போயிற்று. கோழிகளெல்லாம் சிதறி ஓடின. அவள் தலையைத் தூக்கவே இல்லை.

மறுநாள் உன் அம்மா என்னைக் கேட்கவில்லை. உன் அக்காவைக் கையில் பிடித்துக்கொண்டு செம்மண் சாலையில் நடந்தே லகாட்டுக்குப் போய்ப் பஸ் பிடித்துவிட்டாள். செய்தி தெரிந்து நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஈப்போ ஆஸ்பத்திரியில் ஓர் இளவயது டாக்டரம்மா, சீனப் பெண், அவள் காதுக்குப் பக்கத்தில் மணியடித்துப் பார்த்தார், கை தட்டிப் பார்த்தார். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். காசமும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் சளி, தானாகவே போயிருக்கும் என்றார். பிறகு இடுப்பில் இருந்த ஊசித் தடங்களைப் பார்த்து, என்ன ஊசி, எத்தனை நாள் என்று மலாயில் கேட்டார். குப்பியின் பெயரைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த மருந்து காது நரம்பைத் தின்றுவிடும், சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா, போனது திரும்பாது என்றார். “யார் போட்டது?” என்று கேட்டார்.

வெள்ளைச் சட்டையோடு எதிரில் நின்றுகொண்டு நான் சொன்னேன்: “தோட்டத்து டிரஸர், டாக்டர். போன வாரம் மாற்றலாகிப் போய்விட்டார்.”

உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் என்னோடு பேசவில்லை, சாகும்வரைக்கும். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். நான் ஆயிரம் பேரைக் கொல்லவில்லை. ஒருத்தியின் இரண்டு காதுகள். அதையும் அந்த நல்ல மனுஷன் தலையில் கட்டினேன். சில மாதம் கழித்துத் தெலுக் ஆன்சன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அவர் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள், நான் தோட்டம் விட்டு எட்டு மாதம் கழித்துத்தான் பிள்ளைக்கு நோய் என்று உமக்குத் தெரியும்தானே, அதை ஒரு தாளில் எழுதிக் கொடும் என்று கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்கவும் இல்லை. அவர் காலமாகிவிட்டார் என்று பல வருடம் கழித்து யாரோ சொன்னார்கள். அந்தக் கடிதம் உன் அம்மாவின் பெட்டியில் சேலைக்கு அடியில் இருக்கிறது, வந்து எடுத்துப் பார்.

கண் சரியாகத் தெரியவில்லை என்று துரையிடம் பொய் சொல்லி, ரப்பர் பால் ஸ்டோருக்கு வேலை மாறிக்கொண்டேன். சனங்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? மகளுக்கு இப்படி ஆனதில் டிரஸர் ஐயா மனம் வெறுத்துவிட்டார், பெரிய மனுஷன் என்றார்கள். தோட்டம் விற்றுப் போய் நாம் ஈப்போவில் இந்தப் புந்தோங்குக்கு வந்த பிறகும் சந்தையில் யாராவது பார்த்தால் ‘டிரஸர் ஐயா’ என்று கும்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் உன் அக்கா பக்கத்தில் காய்கறிப் பையோடு நிற்கிறாள். நீ அதை அழைப்பிதழில் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுக்கப் பார்க்கிறாய்.

தோட்டத்துப் பள்ளி வாத்தியார் அப்போதே அவளுக்கு இனிப் படிப்பு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். தையல் பழகினாள். இருபத்தெட்டு வயதாகிறது. மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். உன் கல்யாணத்துக்கு உன் பெண்ணுக்கு ரவிக்கை அவள்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். கையைத் தாண்டிப் போய்விட்ட ஒன்றுக்காக நான் இப்போது அழுதால் அது நாடகம். உன்னுடையது இன்னும் கையை விட்டுப் போகவில்லை. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். திங்கட்கிழமைக்கு முன்னால் கோலா கங்சாருக்குப் போய், மாமா, நான் இன்ஜினியர் இல்லை, பிளான் வரைகிறவன், இந்தச் சுவரைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல். கையெழுத்துப் போடுகிற அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. எடுக்கலாம் என்று அவர் சொன்னால் எடுங்கள், இல்லாவிட்டால் வாசலில் பந்தல் போட்டுச் சனம் உட்காரட்டும். கல்யாணம் நின்றுபோனால் என்ன செய்வது என்று நீ கேட்பாய். நிற்கலாம். சம்பந்தி வாத்தியார் மனுஷன், பொய்யைத் தாங்க மாட்டார். அந்தப் பெண் நல்ல பெண், உன்னைப் பார்க்கும்போது அவள் முகம் மலர்வதை நானும் பார்த்தேன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் மேலே தூங்குகிற அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை.

தனியாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால் நானும் வருகிறேன். முதலில் என் கதையைச் சொல்கிறேன், அதைக் கேட்ட பிறகு உன்னுடையது அவருக்குச் சின்னதாகத் தெரியும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோலா கங்சார் பஸ் ஸ்டேஷனில் நிற்பேன். நீ வந்தால் நீ சொல். வராவிட்டால் பதினொரு மணிக்கு நான் போய்ச் சொல்லிவிடுவேன். நீ என்னோடு பேசாமல் போனாலும் சரி. ஒருத்தி பேசாமல் பதினான்கு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள், எனக்குப் பழக்கம்தான்.

அப்பா

கையெழுத்துப் போட்ட பிறகும் இதை ஒட்ட மனம் வரவில்லை. யாருடைய காதைப் பற்றி எழுதியிருக்கிறேனோ அவளுக்குத் தெரியாமல் உனக்கு அனுப்புவது இன்னொரு திருட்டுத்தனம் என்று பட்டது. சாயந்திரம் உன் அக்கா தையல் கடையிலிருந்து வந்ததும் எல்லாத் தாளையும் அவள் கையில் கொடுத்தேன். சன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். முதல் தாளுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் படித்தாள். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். அவள் எழுந்து வந்து எனக்குச் சோறு போட்டாள், மீனில் முள் எடுத்து வைத்தாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். கீழே இருப்பது அவள் எழுதியது.

தம்பி, எனக்கு இது தெரியும். அந்த டாக்டரம்மாவிடம் அப்பா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பேசுவதற்கு முன்னால் சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனாவையும் எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டதைப் பார்த்தேன். ஊசி போடும்போது தினமும் அப்பா கை நடுங்கும். நான் அழுவதால்தான் நடுங்குகிறது என்று நினைத்து அழாமல் இருக்கப் பழகினேன். கோலா கங்சாரில் நீ சுவரைத் தட்டியபோது எல்லாரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். நான் உன் கையைப் பார்த்தேன். அது நடுங்கவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.